ஸ்ட்ரிப்பை மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

மழை சீசன் முடிஞ்சதும் ஒரு சாயங்காலம் நம்ம காலேஜ் டூ வீலர் ஸ்டாண்டைச் சுத்திப் பாருங்க. எஞ்சினுக்குக் கீழே, டேங்க் ஓரத்தில், நம்பர் பிளேட்டுக்கு மேலே என்று எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டின பைக் வரிசையா நிற்கும். ஒழுங்கா எரியிறது அதில் ரொம்பக் கம்மி. ஒரு வண்டியில் நடுவில் மூணு பல்பு மட்டும் இருட்டு. இன்னொண்ணு பாதியோட நின்னுடுச்சு. இன்னொண்ணு ஹேண்டிலைத் திருப்பினா எரியும், நேரா வச்சா அணையும். வெள்ளை கேட்டா வயலட் கொடுக்கிற ஆர்ஜிபி செட்டும் உண்டு.

இது எல்லாத்துக்கும் நாம வச்சிருக்கிற மருந்து ஒண்ணே ஒண்ணு. "ஸ்ட்ரிப் போச்சு மச்சி"ன்னு கிழிச்சுப் போட்டுட்டு, புதுசு வாங்கி, அதே வயரில் முறுக்கி, அதே கறுப்பு டேப்பைச் சுத்திடறோம். அடுத்த மழைக்கு அதுவும் போயிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எங்கே கெட்டுச்சுன்னு அளந்து பார்க்காம ஸ்ட்ரிப்பை மாத்துறது காசுக்கும் கேடு, வண்டிக்கும் கேடு. அதையே நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற நாம பண்ணினா கொஞ்சம் வெட்கக்கேடும்கூட.

பழி எல்இடி மேலே, தப்பு வேற எங்கேயோ

நீல எல்இடியை உருவாக்கினதுக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைச்சது. அந்த நீலம் வந்ததால்தான் இன்னைக்கு நாம பார்க்கிற வெள்ளை எல்இடியே சாத்தியமாச்சு. கரண்டும் சூடும் அளவோட இருந்தா ஒரு எல்இடி பல ஆயிரம் மணி நேரம் எரியும். தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினாக்கூட நாலு வருஷத்துக்கு 1,500 மணி நேரம் வராது. அப்படிப்பட்ட சிப் ஆறே மாசத்தில் சாகுதுன்னா, ஒண்ணு அதுக்குத் தேவைக்கு மேல கரண்ட் போகுது, இல்ல கரண்டே போய்ச் சேரலை. ரெண்டுக்கும் காரணம் சிப்புக்கு வெளியேதான் இருக்கும்.

12 வோல்ட் ஸ்ட்ரிப்பை உத்துப் பாருங்க. மூணு மூணு எல்இடிக்கு ஒரு தடவை வெட்டுற இடம்னு கோடு போட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்குள்ளேயும் மூணு எல்இடி சீரீஸா, கூடவே ஒரு ரெசிஸ்டர். துண்டுகள் ஒண்ணோடொண்ணு பேரலல். நம்ம ஊர்த் திருவிழாவில் கட்டுற பழைய சீரியல் செட் ஞாபகம் இருக்கா? ஒரு பல்பு ஃபியூஸ் ஆனா ஒரு வரிசையே அணையும், பக்கத்து வரிசை எரியும். இதுவும் அதேதான், வரிசைக்கு மூணே பல்பு.

இது தெரிஞ்சா ஸ்ட்ரிப் எரியிற விதமே பாதி விஷயத்தைச் சொல்லிடும். மூணு மட்டும் இருட்டுன்னா அந்தத் துண்டுக்குள்ளே ஒரு எல்இடியோ ஒரு சோல்டரோ விட்டுப்போச்சு. ஒரு இடத்துக்கு அப்புறம் முழுசா இருட்டுன்னா அந்த இடத்தில் செம்புப் பட்டை அறுந்திருக்கு. பெரும்பாலும் ஸ்ட்ரிப்பை மடக்கி ஒட்டின மூலையா இருக்கும். ஆரம்பத்தில் பளிச்சுன்னும் கடைசியில் மங்கலாவும் எரிஞ்சா ஸ்ட்ரிப் நீளத்திலேயே வோல்டேஜ் விழுது. முழுசும் ஒரே மாதிரி மங்கலா இருந்தா ஸ்ட்ரிப்பை விட்டுடுங்க, வயரையும் எர்த்தையும் பாருங்க. ஹேண்டில் திரும்பும்போது மட்டும் அணைஞ்சா கழுத்துப் பக்கம் வளையிற வயர் உள்ளே அறுந்திருக்கு. மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை நல்லாவே இருக்கும், அதான் ஏமாந்துடறோம்.

ஆர்ஜிபி செட்டா இருந்தா நிறமே துப்பு. வெள்ளை வயலட் ஆச்சுன்னா பச்சை போச்சு. மஞ்சள் ஆச்சுன்னா நீலம் போச்சு. பச்சையும் நீலமும் கலந்த மாதிரி ஆச்சுன்னா சிவப்பு போச்சு. இந்த செட்டுகளில் பிளஸ் பொது. கன்ட்ரோலர் மைனஸ் பக்கத்தைத்தான் ஆன் ஆஃப் பண்ணும். அதனால கன்ட்ரோலரைக் கழட்டிட்டு, பிளஸ்ஸைக் கொடுத்து, நிறத்துக்கான வயரை ஒவ்வொண்ணா எர்த்தில் தொட்டுப் பாருங்க. அப்போ எல்லாம் எரிஞ்சா ஸ்ட்ரிப் நல்லா இருக்கு, கெட்டது கன்ட்ரோலர்.

இதுவரைக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவு ஆகலை, கவனிச்சீங்களா?

12 வோல்ட் என்பது 12 இல்லை

அட்டையில் 12 வோல்ட்னு போட்டிருக்கும். பைக்கில் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு வர்றது 14 முதல் 14.5 வோல்ட். "ரெண்டு வோல்ட்தானே"ன்னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க.

ஒரு வெள்ளை எல்இடிக்கு 3.1 வோல்ட்னு வைங்க. மூணுக்கு 9.3. ரெசிஸ்டர் 150 ஓம். 12 வோல்ட் கொடுத்தா மிச்சம் 2.7 வோல்ட், அதாவது 18 மில்லி ஆம்பியர். 14.4 கொடுத்தா மிச்சம் 5.1 வோல்ட். எல்இடி கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கும்னு கழிச்சாலும் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டும். வோல்டேஜ் கூடினது 20 சதவீதம், கரண்ட் கூடினது 60 சதவீதத்துக்கு மேலே. ரெசிஸ்டரில் வர்ற சூடு கரண்டோட ஸ்கொயர் கணக்கு, அதனால் கிட்டத்தட்ட மூணு மடங்கு. இந்தச் சூட்டை எஞ்சின் பக்கத்தில், சிலிக்கான் உறைக்குள்ளே, காத்தோட்டமே இல்லாம அந்தக் குட்டி சிப் தாங்கணும்.

தீர்வு நம்ம லேப் டிராயரில் கிடக்குது. 1N5408 டயோடு ரெண்டை சீரீஸா பிளஸ் லைனில் போட்டா ஒவ்வொண்ணும் 0.8 வோல்ட் அளவுக்குத் தின்னும். 14.4 சுமார் 12.8 ஆயிடும். வயரை மாத்திக் கொடுத்தாலும் ஸ்ட்ரிப் தப்பிச்சுடும். சில ரூபாய் சமாச்சாரம். இதை எந்தக் கடையிலும் சேர்த்துத் தர மாட்டாங்க.

இன்னொரு சிக்கல், ஹெட்லைட் வயரில் இருந்து கரண்ட் எடுக்கிறது. பழைய 100, 125 சிசி வண்டிகள் பலதில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியில் இருந்து கரண்ட் போகாது. மேக்னெட்டில் இருந்து நேரா ஏசி போகும். அதில் ஸ்ட்ரிப்பைக் கோத்தா ஐடிலில் துடிக்கும், ஆக்சிலேட்டர் முறுக்கினா பிரகாசம் ஏறும். "பல்பு வீக்"னு சொல்ற கேஸில் பலது இதுதான். மீட்டரை டிசியில் வச்சு அந்த வயரைத் தொடுங்க. 12-க்கும் 14.5-க்கும் நடுவில் நிலையா நிக்கலைன்னா அது பேட்டரி லைன் இல்லை, அதை விட்டுடுங்க. 2017 ஏப்ரலில் இருந்து நம்ம நாட்டில் விற்கிற புது டூ வீலர்களில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். அதில் கோத்தா உங்க கலர் லைட்டும் பட்டப்பகலில் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.

நேரா பேட்டரியில் கோக்கிறவங்களுக்கு வேற தலைவலி. ரிமோட் வச்ச கன்ட்ரோலர் அணைஞ்சிருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 10 மில்லி ஆம்பியர்னு வைங்க. ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் அவர். செமஸ்டர் லீவுக்கு 10 நாள் ஊருக்குப் போனா 2.4. உங்க பேட்டரியே 4 ஆம்பியர் அவர்தான்னா, திரும்பி வந்து செல்ஃப் அடிக்கும்போது "டிக்"னு ஒரு சத்தம் மட்டும் வரும். அன்னைக்கு எல்லாரும் பேட்டரி கம்பெனியைத் திட்டுவோம்.

தண்ணி, களிம்பு, எர்த்

ஸ்ட்ரிப் அட்டையில் வாட்டர் ப்ரூஃப்னு எழுதியிருக்கும். நாம கத்தரியால வெட்டின நிமிஷமே அந்த முனையில் அது வாட்டர் ப்ரூஃப் இல்லை. தண்ணி அந்த வழியா உள்ளே போய் உறைக்குள்ளே தங்கும். பிளஸ்ஸும் மைனஸும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் அழுக்குத் தண்ணி, மேலே 12 வோல்ட் டிசி. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படிச்ச மின்னாற்பகுப்புதான். பிளஸ் பக்கச் செம்பு கரைஞ்சு பச்சையா களிம்பு ஏறும். பாட்டி புளி போட்டுத் தேய்ச்சு எடுப்பாங்களே பூஜைப் பாத்திரத்தில், அதே களிம்பு. மழை முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு லைட் போறதுக்குக் காரணம் இதுதான். மழை பெய்த அன்னைக்கே போயிருந்தா நமக்குப் புரிஞ்சிருக்கும்.

இதில் மீட்டரே ஏமாத்தும் ஒரு இடம் இருக்கு. களிம்பு ஏறின வயரில், இல்ல ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கிற வயரில், ஸ்ட்ரிப்பைக் கழட்டிட்டு மீட்டரை வச்சா ஜம்முனு 12.5 காட்டும். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒண்ணுமே இல்லாததால வோல்டேஜ் விழாது. ஸ்ட்ரிப்பை மாட்டினதும் விழுந்துடும். அதனால எப்பவும் லோடு மாட்டியிருக்கும்போதே அளக்கணும். மெக்கானிக் அண்ணன்கள் ஒரு இண்டிகேட்டர் பல்பில் ரெண்டு வயர் பத்த வச்சு டெஸ்ட் லேம்ப் வச்சிருப்பாங்க. அது பழைய காலத்துச் சாமான்னு நினைக்காதீங்க. பல்பே ஒரு லோடு, அதனால இந்த விஷயத்தில் அது மீட்டரைவிட நேர்மையானது.

எங்க ஹாஸ்டலில் ஒருத்தன் ஒரே வருஷத்தில் மூணு ஸ்ட்ரிப் மாத்தினான். மூணுமே மங்கல். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரோட கறுப்பு ப்ரோபை பேட்டரி மைனஸில் வச்சு, சிவப்பு ப்ரோபை ஸ்ட்ரிப்போட மைனஸில் வச்சோம். நல்ல எர்த்னா 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ளே காட்டணும். 3.2 காட்டிச்சு. அதாவது பேட்டரி கொடுத்த 14 வோல்ட்டில் 3.2 எர்த்திலேயே செலவாகுது. வண்டிக்கு லைட் மாட்டிக் கொடுத்த கடையில் எர்த் வயரை பெயின்ட் அடிச்ச பிராக்கெட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தாங்க. உப்புத்தாளால பெயின்ட்டைத் தேய்ச்சு, திரும்ப முறுக்கினோம். மூணாவது ஸ்ட்ரிப் பளிச்சுன்னு எரிஞ்சது. முதல் ரெண்டும் குப்பையில் போயிருந்தது. அதுங்க ரெண்டும் நல்ல ஸ்ட்ரிப்தான்னு இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?

"இருநூறு ரூபாய் மேட்டருக்கு இவ்வளவு பேச்சா?"

இதைக் கண்டிப்பா கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஸ்ட்ரிப் மலிவு, நம்ம நேரம் காஸ்ட்லி, மாத்திட்டுப் போனா என்ன?

என்னன்னா, ஸ்ட்ரிப்பை மாத்தினாலும் பழுது வண்டியிலேயேதான் இருக்கு. முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் டேங்குக்கு அடியில் அப்படியே இருக்கும். வெயிலில் டேப்போட பசை உருகி வழியும். வண்டி அதிர அதிர வயர் உரசி பாடியைத் தொடும். அன்னைக்கு ஷார்ட் ஆகும். நிறைய சின்ன பைக்குகளில் மொத்த வண்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு மெயின் ஃபியூஸ்தான். அழகுக்கு ஒட்டின லைட்டால அந்த ஃபியூஸ் போனா கூடவே இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன் எல்லாம் போகும். சில வண்டிகளில் ஹெட்லைட்டும் எஞ்சினும்கூட. பைபாஸில் ராத்திரி பின்னாடி லாரி வரும்போது இது நடந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதைவிட மோசம், ஃபியூஸே இல்லாம நேரா பேட்டரியில் கோத்த லைன். அங்கே ஷார்ட் ஆனா மெல்லிசான வயர்தான் ஃபியூஸ். சிவந்து எரியும். அதுக்கு ஒரு ஜாண் மேலே பெட்ரோல் இருக்கு. ஃபியூஸ் லைட்டைக் காப்பாத்த இல்லை, வயரைக் காப்பாத்த. அதனாலதான் அதை பேட்டரிக்கு எவ்வளவு கிட்டே போடுறோமோ அவ்வளவு நல்லது. ஒரு மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

ஸ்டாண்டில் பாதி எரியிற லைட் ஒரு கிண்டல் விஷயம் மாதிரி தெரியலாம். எனக்கு அது ஒரு நோட்டீஸ் மாதிரி தெரியுது. "இந்த வண்டியில் எங்கேயோ ஒரு ஜாயின்ட் கெட்டுக்கிட்டு இருக்கு"ன்னு அது முன்கூட்டியே சொல்லுது. ஸ்ட்ரிப்பை மாத்துறப்போ அந்த நோட்டீஸைத்தான் கிழிச்சுப் போடுறோம்.

ஏன் நாம அளக்க மாட்டேங்கறோம்?

மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அவருக்கு ஸ்ட்ரிப் மாத்த பத்து நிமிஷம். வயரைத் தேடி எர்த்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு நாம காசு கொடுப்போமா? "என்னண்ணா, ஒரு போல்ட்டைத்தானே முறுக்கினீங்க"ன்னு கேப்போம். கண்டுபிடிக்கிற வேலைக்கு நம்ம ஊரில் கூலி இல்லை, மாத்துற சாமானுக்குத்தான் பில்லு. அவர் மாத்தத்தான் செய்வார்.

ஆனா நமக்கு என்ன சாக்கு? ஓம் விதியை எட்டாவது, பத்தாவது, ப்ளஸ் டூ, ஃபர்ஸ்ட் இயர்னு எத்தனை தடவை எழுதியிருப்போம்? வைவாவில் கிர்ச்சாஃப் விதி கேட்டா கடகடன்னு சொல்றோம். லேப் சர்க்யூட் எப்பவும் வேலை செய்யும், அதான் பிரச்சினை. ரீடிங் வரலைன்னா பக்கத்து பெஞ்ச் ரெக்கார்டைப் பார்த்து கிராஃப் நேர்கோடா வர்ற மாதிரி எழுதுவோம். ஏன் வரலைன்னு தேட டைம் டேபிளில் இடமே இல்லை. தேடினவனுக்கு மார்க்கும் இல்லை. அதனால மூணு வருஷம் முடிச்சும், கெட்டுப்போன சர்க்யூட் ஒண்ணைக் கையில் கொடுத்தா எங்கே ஆரம்பிக்கிறதுன்னு பாதிப் பேருக்குத் தெரியலை. இஇஇ, இசிஇ பசங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கோர் கம்பெனி இன்டர்வியூவில் "வாட் இஸ் வோல்டேஜ் டிராப்"னு கேட்டா பதில் இருக்கு. சொந்த வண்டியில் அது எங்கே விழுதுன்னு கேட்டா பதில் இல்லை. நான் இங்கிலீஷ் மீடியம். மின்னழுத்தம்னு சொன்னா ஒரு நொடி யோசிப்பேன். ஆனா இதுக்கு மீடியம் காரணம் இல்லை, கையில் ப்ரோப் பிடிச்ச பழக்கம் இல்லாததுதான் காரணம். சாதாரண டிஜிட்டல் மீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய். ரூமுக்கு ஒண்ணு பங்கு போட்டு வாங்கலாம்.

மாட்டலாமா, வேணாமா?

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். சட்டம் இதுக்கு நட்பு இல்லை. முன்பக்கம் சிவப்பு வெளிச்சமும், பின்பக்கம் சிவப்பு அல்லாத வெளிச்சமும் காட்டக் கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கு. இண்டிகேட்டர் மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில்கூடப் போட இடம் இருக்கு. இது வெறும் கெடுபிடி இல்லை. ரோட்டில் நிறம்தான் பாஷை. சிவப்புன்னா வண்டியோட பின்பக்கம்னு எதிர்ல வர்றவர் நம்புறார். அந்த பாஷையை நம்ம ஸ்டைலுக்காகக் குழப்பினா அவருக்குத்தான் ஆபத்து.

அதனால என் கோரிக்கை இவ்வளவுதான். ஓடுற ரோட்டில் கலர் காட்டுற லைட்டைக் கழட்டிடுங்க. சும்மா ஸ்ட்ரிப்பை மட்டும் உரிச்சுட்டு வயரைத் தொங்கவிடாதீங்க, பேட்டரி வரைக்கும் வயரையும் எடுங்க. நிறுத்தி வச்ச வண்டிக்குத்தான், காலேஜ் எக்ஸ்போவுக்குத்தான்னு வச்சிருக்கிறவங்க ஒழுங்கா மாட்டுங்க: தனி ஃபியூஸ், தனி சுவிட்ச், டயோடு ரெண்டு, பத்த வச்சு ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்ட ஜாயின்ட், பெயின்ட் சுரண்டின எர்த், வெட்டின முனையில் சிலிக்கான் சீலன்ட். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும்.

காலேஜுக்கும் ஒரு கோரிக்கை. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரிக்கல் லேபைத் திறந்து விடுங்க. ஓடாத மிக்ஸி, எரியாத லைட், சார்ஜ் ஏறாத டார்ச், எது இருந்தாலும் கொண்டு வரட்டும். மெக்கானிக் அண்ணன் ஒருத்தரை சம்பளம் கொடுத்து கூப்பிட்டு உட்கார வைங்க. ரெக்கார்ட் வேணாம், கிராஃப் வேணாம். எது கெட்டது, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா போதும்.

அதுவரைக்கும், உங்க வண்டியில் லைட் மினுக்குதுன்னா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரீடிங் எடுங்க. லைட்டைப் போட்டு, கறுப்பு ப்ரோப் பேட்டரி மைனஸில், சிவப்பு ப்ரோப் ஸ்ட்ரிப் மைனஸில். எத்தனை வோல்ட் வருதுன்னு நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. யார் வண்டியில் எர்த் ரொம்ப மோசம்னு அடுத்த இதழில் பட்டியல் போடலாம்.